பாக்கியம் அக்காவின் புது நம்பர்

1. மலையைப் படிப்பது

எங்கள் மலை டவுனான தானா ராத்தாவில் போன் கடை வேலைக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது போனை அல்ல, மலையை. இதை என் தவுக்கே, அதாவது கடை முதலாளி, நான் சேர்ந்த இரண்டாம் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். கடை நிறைய ஆள் நிற்கும்போது திட்டித்தான் சொன்னார்.

முதல் நாள் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர் ஒருவருக்கு நான் ஒரு போனும் சிம் கார்டும் விற்றிருந்தேன். நெட் ஏராளம், பேசுவது இலவசம், எனக்கே வேண்டும்போல் இருந்த பிளான். மறுநாள் கடைக் கதவைத் தூக்கும்போதே அவர் வெளியே நின்றார். அவர் குடியிருந்த லயம், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் சிக்னல் அங்கே ஒரு கோடுகூடக் கிடைக்கவில்லை. தவுக்கே மலாயில் கேட்டார்: அவர் வீடு எங்கே என்று விசாரித்தாயா? விசாரிக்கவில்லை என்றால் நீ விற்றது போனா, முகம் பார்க்கும் கண்ணாடியா?

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "வீடு எங்கங்க?" என்பதுதான். கோலா தெர்லா ரோட்டுக்காரர்களுக்கு எந்தக் கம்பெனி, லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களுக்கு எது, எந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்களத்தில் மட்டும் எடுக்கும், எங்கே வீட்டுக்குள்ளும் எடுக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெரட்டுக்களம் என்பது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். பெரும்பாலும் மேட்டில் இருப்பதால் சிக்னல் முதலில் அங்கேதான் வரும். சாயங்காலத்தில் பாதி லயம் அங்கே நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்.

பதினாறு வருடத்தில் எனக்குக் கொஞ்சம் பெயரும் வந்துவிட்டது. "சாந்திகிட்ட போ, அவ பாத்துக் குடுப்பா" என்று தோட்டங்களில் சொல்வார்கள். அந்தப் பெயரை நான் ரொம்பவே நம்பினேன். இந்தக் குறிப்பை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

2. தடவுற போன்

பத்திரிகையில் திறன்பேசி என்று எழுதுகிறார்கள். என் கடையில் இதுவரை ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. "தடவுற போன் ஒன்னு குடும்மா" என்றுதான் கேட்பார்கள்.

முதல் முறையாகத் தடவுற போன் வாங்க வருகிறவரிடம் கேமராவைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். பேட்டரி பெரிதா, ஸ்பீக்கரில் சத்தம் வருமா, எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்று பாருங்கள். தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். முப்பது வருடம் கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரலைச் சில திரைகள் விரலாகவே மதிப்பதில்லை. தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் தெரியவில்லை என்று வெட்கப்பட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதனால் கடையிலேயே பத்துத் தடவை அவர்கள் கையால் தடவச் சொல்லுங்கள். நீங்கள் செய்து காட்டுவது உதவாது.

பிளான் விஷயத்தில், மாதா மாதம் பில் வருவதை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். பிரீபெய்ட் போதும். ஆனால் பிரீபெய்டில் நம்பருக்கு ஆயுள் உண்டு. சில மாதம் டாப்-அப் போடாமல் விட்டால் நம்பர் செத்துவிடும். இதை வாயால் சொல்லிவிட்டால் போதாது. அடுத்து எந்த மாதம் டாப்-அப் போட வேண்டும் என்று பெட்டியின் மேல் எழுதிக் கொடுங்கள்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தேன். பாக்கியம் அக்காவுக்கும் செய்தேன்.

3. சனிக்கிழமை

சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை என்றால் கடையில் நிற்க இடம் இருக்காது. தோட்டத்து வேன் காலையில் ஆட்களை டவுனில் இறக்கிவிட்டு, ஒரு மணிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். பாக்கியம் அக்காவும் அவர் வீட்டுக்காரர் சுப்பையா அண்ணனும் கடைக்குள் வந்தபோது பன்னிரண்டரை ஆகியிருந்தது.

அக்கா கொழுந்து வேலை. அண்ணன் தேயிலை ஆலையில் வேலை. கடை வாசலில் மூன்று படி இருக்கிறது. அந்த மூன்று படியை ஏறிவிட்டு அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அக்கா தானாகவே விஷயத்தைச் சொன்னார். நெஞ்சில் மூன்று அடைப்பாம். ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். மலைக்குக் கீழே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததும் போன் பண்ணிக் கூப்பிடுவார்களாம், உடனே கிளம்பி வந்துவிட வேண்டுமாம். நான் "ஐயோ பாவம்" என்றேன். வாய்தான் சொன்னது, கண் அடுத்த ஆளுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தது.

போன் வாங்கப் பணம் அனுப்பியிருந்தது அவர்கள் ஒரே மகள் கோமதி. பினாங்கில் தொழிற்சாலை வேலை. மாதம் ஒரு தடவைகூட வர முடியவில்லை, அப்பா முகத்தையாவது தினமும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். அண்ணன் சிரித்துக்கொண்டே, "என் மூஞ்சியப் பாக்க இம்புட்டு செலவா?" என்றார்.

போனைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். அக்கா விரலுக்குத் திரை மறுப்புச் சொல்லவில்லை. சத்தம் நன்றாக இருந்தது. பிளானிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் கையில் இருந்த பொத்தான் போனின் கம்பெனி, அந்த டிவிஷனில் பெரட்டுக்களத்தில் மட்டும்தான் எடுக்கும். அண்ணனால் இனி அந்த மேட்டில் ஏற முடியாது. வீட்டுக்குள் எடுக்கிற கம்பெனிக்கு மாறியே ஆக வேண்டும்.

பழைய நம்பரோடு மாறலாம். ஆனால் மாறும்போது நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஐசி, அதாவது அடையாள அட்டை, வேண்டும். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். பாக்கியம் அக்கா பெயரிலும் இல்லை, அண்ணன் பெயரிலும் இல்லை. அந்த டிவிஷனின் பழைய கங்காணி பெயரில் இருந்தது. தோட்டத்துக்குப் புதிதாகச் சிக்னல் வந்த காலத்தில், எல்லோரும் வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு வர வேண்டாம் என்று, கங்காணி தன் ஒரே ஐசியில் ஐந்து சிம் வாங்கிப் போய் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறார். தன் டிவிஷன் ஆட்களுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது. அப்போது பல தோட்டங்களில் இப்படித்தான் நடந்தது. இப்போது அவர் ஓய்வு பெற்று, கோலா தெர்லாவில் மகனுடைய காய்கறித் தோட்டத்தில் இருக்கிறார். மணி பன்னிரண்டே முக்கால்.

"கங்காணியக் கூட்டியாந்தா இதே நம்பர்ல மாத்திக்கலாம். இல்லன்னா புது நம்பர் போட்டுக்குங்கக்கா, லேசு" என்றேன்.

"அவர எங்கம்மா போய் கூட்டியாறது. அப்ப பழைய நம்பரு?"

"சிம் பத்திரமா இருக்கும்கா. எல்லாருக்கும் புது நம்பரச் சொல்லிருங்க."

அந்தப் போனில் இரண்டு துளை. ஒன்றில் புது சிம் போட்டேன். மற்றதில் பழைய சிம்மைப் போடலாம், அல்லது மெமரி கார்டு போடலாம். இரண்டில் ஒன்றுதான். அப்பாவுக்குப் பிடித்த சாமிப் பாட்டெல்லாம் போனிலேயே இருக்க வேண்டும் என்று கோமதி சொல்லியிருந்தாள். நான் மெமரி கார்டைப் போட்டேன். பழைய சிம்மைப் பெட்டி மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று அக்கா சொல்லி முழுதாக இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

கடைசியாக அக்காவின் ஐசியை வாங்கி ரீடரில் சொருகினேன். திரையில் அவர் பெயரும் முகமும் வந்தன. அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியிலயும் கார்ட இப்பிடித்தான் போடுறாங்க. இனிமே எல்லா எடத்துக்கும் எங்க புது நம்பரு போயிரும்லம்மா?"

"ஆமாக்கா, எல்லாம் போயிரும்" என்றேன்.

அவர் கேட்டது தெளிவான கேள்வி. நான் காது கொடுக்கவில்லை. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். ஒரு அட்டை, ஒரு ஐசி நம்பர், அரசாங்கம் முழுவதும் அதைத்தான் பார்க்கிறது, ஆகவே இங்கே போட்டது அங்கேயும் தெரியும் என்று அவர் நினைத்தார். அதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. எங்கே போனாலும் அந்த அட்டையை நீட்டச் சொல்லியே பழக்கிவிட்டிருக்கிறோம். அப்படிப் போகாது என்று சொல்ல வேண்டிய ஆள் நான்.

4. ஒரு பை தக்காளி

அடுத்த மாதம் அக்கா ஒரு பை தக்காளியோடு வந்தார். போன் நன்றாக இருக்கிறதாம். சமையலறையில்கூட எடுக்கிறதாம். கோமதி தினமும் ராத்திரி கூப்பிட்டு, அப்பா என்ன சாப்பிட்டார், கால் வீங்கியிருக்கிறதா, காட்டுங்கள் என்று கேட்கிறாளாம். அண்ணன் மகளிடம் பேசுவதற்காகவே தினமும் முகம் மழித்துக்கொள்கிறாராம்.

புது நம்பரை எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். தங்கையிடம், தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம், கோவில் கமிட்டிக்காரரிடம். ஆஸ்பத்திரியைப் பற்றி அவர் பேசவில்லை. அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை. தக்காளியை வாங்கி வைத்துக்கொண்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

5. மூன்று தடவை

நடந்ததை அக்கா பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன் வாங்கி மூன்று மாதம் கழித்து, அண்ணனுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வழக்கமான செக்கப். மிஸ்ஸி, அதாவது அங்கே இருந்த நர்ஸ், ஃபைலைப் புரட்டிவிட்டு, ஏன் ஆபரேஷனுக்குப் போகவில்லை என்று கேட்டிருக்கிறார். கீழேயிருந்து இரண்டு நாளில் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கேயிருந்தும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஃபைலில் இருந்த ஒரே நம்பர், நான் பெட்டி மூடியில் ஒட்டிய பழைய நம்பர், அடைத்துக் கிடந்தது. அண்ணனுக்கு ஒதுக்கிய இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

மிஸ்ஸி நல்லவர். அப்போதே புது நம்பரை எழுதிக்கொண்டு, கீழே பேசி, வேறு தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தத் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன், "போனாப் போவுது, கோமதி அப்ப லீவு போட்டு வருவா" என்று தேற்றினாராம். அக்காதான் வேனில் அழுதுகொண்டே வந்திருக்கிறார்.

தேதிக்கு மூன்று வாரம் இருந்தபோது, காலையில் ஆலைக்குக் கிளம்பிய அண்ணன் லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். புதுப் போனில் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டார்கள், சிக்னல் முழுதாக இருந்தது, பேசியதும் தெளிவாகக் கேட்டது. வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

6. பாக்கியம் அக்கா கேட்டது

கருமாதி முடிந்த வாரத்தில் அக்கா தனியாக வந்தார். கடையில் கூட்டம் இல்லை. போன் பெட்டியை என் முன்னால் வைத்துத் திறந்தார். மூடியில் நான் ஒட்டிய சிம் அப்படியே இருந்தது.

"இத போட்டுப் பாரும்மா. நெசமாவே கூப்புட்டாங்களான்னு எனக்குத் தெரியணும்."

போட்டுப் பார்த்தேன். நம்பர் செத்திருந்தது. அடைத்துக் கிடந்த நாட்களில் யார் கூப்பிட்டார்கள் என்பது அதில் தெரியாது, எப்போதுமே தெரிந்திருக்காது. அதைச் சொன்னேன். அக்கா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான் படிக்காத கழுத. ஆஸ்பத்திரியில போயி நம்பரச் சொல்லணும்னு கூடத் தெரியல. அவரக் கொன்னுட்டேன்."

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது, என் பெயரும் கெட்டிருக்காது. அந்த நினைப்பும் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டீங்க. எல்லா எடத்துக்கும் போயிருமான்னு கேட்டீங்க. நாந்தான் கேக்காமலே ஆமான்னு சொன்னேன். பழைய சிம்மயும் நான் உள்ள போட்டுருக்கலாம். போடல. தப்பு என்னோடது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் பெட்டியை மூடினார்.

"இத கோமதிகிட்ட சொல்லிறாத."

எனக்குப் புரியவில்லை.

"அவதான போன் வாங்கச் சொல்லி காசு அனுப்புனா. நீ தப்பு பண்ணேன்னு அவளுக்குத் தோணாது. நான் போன் வாங்கச் சொல்லலன்னா அப்பா இருந்திருப்பாருன்னுதான் தோணும். எம் புள்ளைய எனக்குத் தெரியாதா. மருந்து கேக்காம போயிட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் அப்பிடியே இரு."

என் தப்பை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகளைக் காப்பாற்ற என் வாய் அடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

7. கோமதி

தீபாவளிக்கு முதல் வாரம் கோமதி வந்தாள். அதுவரை நான் அவளை நேரில் பார்த்ததில்லை. அம்மாவின் போனை எடுத்து வந்திருந்தாள். ஏதாவது கோளாறா என்று பார்க்கச் சொன்னாள். அம்மா அதைத் தொடுவதே இல்லையாம், மணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரரை எடுக்கச் சொல்கிறாராம்.

சோதித்துப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. அவள் கேலரியைத் திறந்து எனக்குக் காட்டினாள். அப்பாவோடு பேசும்போது அவள் எடுத்து அனுப்பிய படங்கள். மழித்த முகத்தோடு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில், மூக்கு பெரிதாகத் தெரிகிற மாதிரி சுப்பையா அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கு மேல் இருக்கும்.

"நல்லவேள நான் அடம் புடிச்சு வாங்க வச்சேன்க்கா. இது மட்டும் இல்லன்னா அப்பாவ கடைசி நாலு மாசம் நான் பாத்துருக்கவே மாட்டேன்."

"நல்ல காரியம் பண்ணம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் பின்பக்கம் போய், சாமான் அறையில் நின்று அழுதேன். தவுக்கே எட்டிப் பார்த்துவிட்டு, என் இடத்தில் போய் நின்று பில் போட்டார்.

இப்போது இதை எழுதுவதற்கு முன் பாக்கியம் அக்காவிடம் போய்க் கேட்டேன். எங்கள் எல்லோரின் பெயரையும் மாற்றி எழுதச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். மாற்றினாலும் கோமதி படித்தால் கண்டுபிடித்துவிடுவாளே என்றேன். "இப்ப அவளுக்கும் ஒரு புள்ள இருக்கு. ஏன் மறைச்சேன்னு அவளுக்கே புரியும்" என்றார்.

8. கேட்க வேண்டியது

புதிதாகக் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீடு எங்கே என்று கேளுங்கள், அது போதாது. உங்களை யார் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றும் கேளுங்கள். நாம் எல்லோரும் வாடிக்கையாளர் யாரிடம் பேசப்போகிறார் என்று பார்த்துத்தான் பிளான் கொடுக்கிறோம். அவர்களைத் தேடி வருகிற அழைப்பைப் பற்றி யோசிப்பதில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பேங்க், இமிகிரேஷன், மகனை வைத்திருக்கிற ஜெயில், எதுவாகவும் இருக்கலாம். பழைய நம்பர் அவர்களில் ஒருவரிடம் இருந்தாலும் பழைய சிம்மைப் போனிலிருந்து எடுக்காதீர்கள். பாட்டு கிடக்கட்டும். யாருடைய பெயரில் நம்பர் இருக்கிறதோ அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வரச் சொல்லுங்கள். ஐசியை ரீடரில் போடுகிறபோது, இது கம்பெனிக்கு மட்டும்தான் போகும், வேறு எங்கும் போகாது என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருப்பதாக யாராவது சொன்னால், ஆஸ்பத்திரி கொடுத்த கார்டில் இருக்கிற நம்பருக்குக் கடையிலிருந்தே போன் போட்டு மாற்றிக் கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கூட்டமாக இருக்கிறது, நேரம் இல்லை என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஒருவருக்கு நம்பரை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஆனது. அந்தச் சனிக்கிழமை வேன் கிளம்பும்வரை சுப்பையா அண்ணன் என் எதிரில் ஸ்டூலில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.